அரண்மனை அரிசி

திருச்சி
04.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நிஷாந்தி எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமென்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது. போன் எடுத்தால் அம்மாவிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள். "கடுதாசி போட்டா வாசிப்பேன், போன்ல பேசமாட்டேன்னு சொல்லு" என்றீர்களாம். சரி, இதோ கடுதாசி.

கொட்டகலையில் படிப்பிக்கிற திலக்ஷனைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்னது பிடிக்கவில்லை, தெரியும். அதற்காகப் பெண் கேட்டு வந்த அவன் அப்பா கந்தப்பன் மாமாவை வாசலிலேயே நிறுத்தி அனுப்பலாமா? "அரண்மனை வீட்டுக்காரன் கீழ் லயத்து வீட்டுல போய்க் கை நனைப்பானா?" என்றும் கேட்டீர்களாம். அவர் முகம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் நகரமாட்டேன் என்கிறது.

ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். ஆய்வுக்குப் புதுக்கோட்டை சமஸ்தானத்தை எடுத்திருக்கிறேன். நம் அரண்மனைதான்.

உங்கள் மகள்,
நிஷாந்தி

ராகலை
இலங்கை
18.08.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே மழை விட்டபாடில்லை. லீக்ஸ் பாத்தியெல்லாம் தண்ணீர். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நல்ல வேலைதான் எடுத்திருக்கிறாய். வெள்ளைக்காரன் சுற்றியிருந்த பாளையக்காரர்களை எல்லாம் விழுங்கினான், நம் தொண்டைமானை மட்டும் ராஜாவாகவே விட்டுவைத்தான். அந்த அரண்மனையில் என் பூட்டனார் என்ன பதவியில் இருந்தார் என்று கண்டுபிடி. ராஜா வீட்டு அரிசி வாங்கிய பரம்பரை நாம். அதனால்தானே விஜயதசமிக்கு நான் தலைகுனிந்து துண்டை ஏந்த, உன் அம்மா ஒரு படி அரிசியும் மேலே ஒரு காசும் வைக்கிறாள். அந்த அரிசி உலையில் விழும்வரை நான் வாய் திறக்கிறேனா? இந்தத் தோட்டத்தில் வேறு எந்த வீட்டுக்கு இந்த மரியாதை உண்டு?

கந்தப்பன் நல்ல மனுஷன். பையனும் குறையில்லை. ஆனாலும் அங்கே என்னால் கை நனைக்க முடியாது, மகளே. நீ முதலில் அந்தப் பதவியைக் கண்டுபிடித்து எழுது. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

அப்பா,
பழனியாண்டி

திருச்சி
08.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனிமேலும் கிழித்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

புதுக்கோட்டைக்குப் போய் வந்தேன். தங்கியிருந்த வீட்டுக்காரர் இராமையாவிடம் நம் விஜயதசமி வழக்கத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அது நவராத்திரி தர்மம்மா. ஏழைபாழைக்கு அரண்மனையில அரிசியும் அம்மன் காசும் போடுவாக. வரிசையில பேசினா சேவகன் வெரட்டிவிட்ருவானாம். அதான் வாயத் தொறக்க மாட்டாகன்னு எங்க வீட்லயும் சொல்லுவாக" என்றார்.

அரிசி, காசு, துண்டு, மௌனம். எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான் அப்பா. நாம் வாங்கியது மரியாதை இல்லை, தர்மம்.

ராஜாவை விட்டுவைத்த வெள்ளைக்காரன், அந்தச் சீமையில் மண்ணைக் காய்ச்சி உப்பெடுத்துப் பிழைத்தவர்களின் தொழிலை நிறுத்தினான். நஷ்ட ஈடு சமஸ்தானத்துக்குப் போனது. உப்புக் காய்ச்சியவர்களும், பஞ்சத்தில் நிலம் காய்ந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அப்படி யாரோ ஒருவராகத்தான் பூட்டனாரும் அந்த வரிசையில் நின்றிருப்பார். பிறகு தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியிருப்பார்.

ஏதாவது ஒரு பதவியை இட்டுக்கட்டி எழுதியிருந்தால் நீங்கள் குளிர்ந்து சம்மதித்திருப்பீர்கள். பொய் சொல்லிக் கல்யாணம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

நிஷாந்தி

திருச்சி
30.09.2024

அப்பா,

பதிலே இல்லை. அம்மாவிடம் கேட்டால், "கடுதாசிய வாசிச்சிட்டு மம்பட்டியத் தூக்கிட்டுப் போனவரு, பொழுது சாஞ்சுதான் வந்தாரு. அன்னயில இருந்து பேச்சே இல்லடி" என்கிறார்.

திலக்ஷனும் கோபப்படுகிறான். "ஒங்க அப்பா மனச ஒடச்சுத்தான் நாம சேரணுமா?" என்று கேட்டான்.

பசித்தவர் கையேந்தியதில் எனக்கு வெட்கமே இல்லை அப்பா. அந்தக் கை ஏந்தாமல் இருந்திருந்தால் நாமே இல்லை. ஆனால் உங்கள் வாசலில் இருந்த ஒரே பெருமையை நான் பிடுங்கிவிட்டேனோ என்று இருக்கிறது. நவராத்திரி வருகிறது. இந்த வருடம் துண்டை ஏந்துவீர்களா? திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

நிஷாந்தி

ராகலை
13.10.2024

நிஷாந்திக்கு,

திட்டியாவது எழுது என்றாய். திட்டத்தான் உட்கார்ந்தேன். ராஜா கதை படிக்க அனுப்பினால் என்னைப் பிச்சைக்காரன் பேரனாக்கிவிட்டாயே என்று ஒரு மாதம் குமுறினேன். முட்டைக்கோவா நட வெட்டிய பாத்தியையே திரும்பத் திரும்ப வெட்டினேன்.

நேற்று விஜயதசமி. உன் அம்மா ஒரு படி அரிசியோடு வந்து நின்றாள். துண்டை விரித்தேன். அப்போதுதான் உறைத்தது. பூட்டனார் பசியோடு அடுத்தவர் வாசலில் நின்றார். நான் வயிறு நிறைந்து என் வாசலிலேயே நின்று, என் அரிசியை என் பெண்சாதியிடம் வாங்கி, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். "எங்கங்க போறீங்க?" என்று கூப்பிட்டாள். பேசக்கூடாதே, பேசவில்லை.

கீழ் லயத்துக்குப் போனேன். பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்த பெண்கள் வாளி நிறைந்து வழிவதையும் மறந்து பார்த்தார்கள். கந்தப்பன் வாசலில் நின்று துண்டை ஏந்தினேன். அவன் பதறிப்போய், "என்னங்க இது, உள்ளுக்கு வாங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்றான். நான் நகரவில்லை. நிற்கிறவனுக்குத்தான் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பூட்டனாரை நினைத்துக்கொண்டேன்.

அவன் பெண்சாதி வீரம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அரிசி கொண்டுவந்து துண்டில் போட்டாள். கொஞ்சம் யோசித்து, மடியிலிருந்து ஒரு காசை எடுத்து மேலே வைத்தாள். நம் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். தோட்டம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்தானே.

துண்டோடு உள்ளே போனேன். அவளே வாங்கி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அரிசி விழுந்த பிறகு பேசலாம் அல்லவா, பேசினேன். "பசிக்குது, தங்கச்சி" என்றேன்.

கந்தப்பன் அழுதுவிட்டான். நானும்தான், அதை உன் அம்மாவிடம் சொல்லாதே. தன்னை விட்டுவிட்டுப் போனேன் என்று ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மார்கழிக்கு முன்னே லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது. போனும் எடுக்கலாம், பேசுவேன். பருப்பும் முட்டைக்கோவாச் சுண்டலும் வைத்தார்கள். சம்பந்தி வீட்டில் கை நனைத்துவிட்டேன்.

அப்பா,
பழனியாண்டி