கழற்றி என் கையில் கொடுத்த கண்ணாடி

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அப்பாவுக்கு அடுத்த கூலிங் கிளாஸ் கறுப்புல எடுக்கட்டுமா, நீலத்துல எடுக்கட்டுமா, சைக்கிள்ல போகும்போது எது எடுப்பா இருக்கும்னு நீயே சொல்லு" என்றாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுதுகிறேன், அதுவரை வாங்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், இரண்டும் வேண்டாம். காரணத்தை ஃபோனில் சொல்ல வழியில்லை. நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே ஸ்பீக்கரில் போடு என்று வந்து நிற்கிறார், அதனால்தான் இத்தனை வருடம் கழித்துக் காகிதம். கடிதம் என்றால் எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும். நான் நலம், முட்டி வலி பழைய மாதிரிதான், வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா முக்கால்வாசி நலம். மீதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. நீ அனுப்பிய கூலிங் கிளாஸ் மேல் நான் உட்காரவில்லை. அப்பா உன்னிடம் அப்படிச் சொன்னார், நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய், "அம்மா உட்கார்ந்தா இரும்பே வளையும், பாவம் அது பிளாஸ்டிக்" என்றாய். மூன்று மாதமாக இந்த வீட்டில் கண்ணாடிமேல் உட்கார்ந்தவள் என்ற பேரோடு இருக்கிறேன். அந்தக் கூலிங் கிளாஸ் ரயில் பாலத்துக்கு அடியில் உடைந்தது, அதைப் போட்டிருந்தவரும் அங்கேதான் விழுந்தார். தோள் எலும்பு இரண்டாகிவிட்டது. புருவத்தில் ஏழு தையல். ஃபோனில் கேமரா கெட்டுவிட்டது, இனிமேல் குரல் மட்டும்தான் என்று ஒன்றரை மாதம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாரே, கேமராவுக்கு ஒன்றுமில்லை, கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவர் என்னிடம் முதலில் கேட்டது, "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே?" அடுத்து, "பையன்கிட்ட விழுந்தேன்னு சொல்லாதே டீச்சர், அவன் வாங்கிக் கொடுத்ததாலதான்னு நினைச்சுப்பான்." சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

விழுந்த விதத்தைக் கேள். காலை ஏழரை மணி, எதிர்வெயில். முன்னால் போனது அவருடைய சைக்கிள் கூட்டாளி, ரிட்டயரான தபால்காரர். இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு, முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்தால் இடது கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். பாலத்துக்கு அடியில் சாக்கடை மூடி நகர்ந்து கிடந்தது. தபால்காரர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கையைத் தூக்கினேன் டீச்சர், ஆட்டினேன். இவர் என்ன பண்றாருன்னு திரும்பிப் பார்த்தா, இவரும் எனக்கு ஜம்முனு டாட்டா காட்டிக்கிட்டு வர்றாரு." அப்பாவுக்குக் கை தெரிந்திருக்கிறது, ஆட்டியது தெரியவில்லை. ஏதோ உற்சாகத்தில் கையைத் தூக்குகிறார் என்று நினைத்து, ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துப் பதிலுக்குக் காட்டிக்கொண்டே பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறார். கேட்டதும் நானே சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் உட்கார இடம் தேடினேன்.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று தெரியும். தெரு முனையில் திரும்பும் பஸ்ஸின் நம்பரை வாசலிலிருந்தே சொல்கிற மனுஷனுக்கு, பத்தடி தூரத்தில் ஆடுகிற கை எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பாய். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வருடா வருடம் கண் பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அட்டைக்கு அடியில் அச்சகத்தின் பேர் இருக்கிறது, அதையும் படிக்கட்டுமா என்று கேட்டு டாக்டரையே சிரிக்க வைத்தவர். நீ பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்தக் கண் இப்போது இல்லை. இரண்டு வருடமாக அப்பா பவர் கண்ணாடி போடுகிறார், தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்து. வலது கண்ணில் புரையும் ஆரம்பித்திருக்கிறது. ஆபரேஷன் அளவுக்கு வரவில்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார்கள். இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன் ஃபோன் வந்ததும் அவர் முதலில் செய்வது கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவது. நீ திரையில் பார்க்கும் அப்பாவுக்கு உன் முகமே கலங்கலாகத்தான் தெரிகிறது. "என்னடா இளைச்சுட்டே" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பதும், நீ எடை கூடிவிட்டேன் என்று சொல்வதும் அதனால்தான்.

நீயோ, எல்லோரும் அப்பா மூக்கு உனக்கு அச்சு அசலாக இருக்கிறது என்கிறார்களே என்று, கடையில் உன் முகத்தில் போட்டுப் பார்த்து, உனக்கொன்று அவருக்கொன்று ஒரே மாதிரி எடுத்தாய். மூக்கு சரியாகத்தான் உட்கார்ந்தது. கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பவர் கண்ணாடிக்கு மேல் அதை மாட்ட முடியாது, அவ்வளவு வளைவு. அதனால் தினமும் காலையில் வாசல் கேட்டில் நின்று, பவர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உன்னுடையதை மாட்டிக்கொண்டு, "ஒரு போட்டோ எடு" என்பார். நான் எடுப்பேன். அதில் ஒன்றைத்தான் நீ உன் படத்தோடு ஒட்டி, என் ஹீரோ என்று எழுதிப் போட்டாய். இருநூறு பேர் பாராட்டினார்கள் என்று அவர் தபால்காரரிடமும் பால் பாக்கெட் போடுகிறவரிடமும் காட்டினார். அந்தப் படத்தில் அவர் கம்பீரமாக எங்கோ தூரத்தைப் பார்க்கிறாரே, கேமரா எங்கே இருக்கிறது என்று அவருக்கு நிச்சயமில்லை.

உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை என்று எழுதினால் அது பொய். குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். நீ வந்து ஐந்து வருடம் ஆகிறது. கையுறை வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, ஷூ வந்தது, கூலிங் கிளாஸ் வந்தது. எங்கள் அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத்தான் தட்ட வேண்டும் என்று பார்சல் கொண்டுவரும் பெண்ணுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. ஆனால் உன்னை விட நான் எந்த விதத்தில் உசத்தி? முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் கண்ணின் படம் வரைந்தவள் நான். மத்தியான வெயிலில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து சாமான் அறைக்குள் நிறுத்தி, எத்தனை அலமாரி இருக்கிறது சொல் என்பேன். ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் போனதும் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். கருவிழி நடுவில் இருக்கிற துளை விரிய நேரம் வேண்டும் என்று அப்புறம் பாடம் நடத்துவேன். வெயிலிலிருந்து பாலத்து இருட்டுக்குள் போகிறவருக்கும் அந்த நேரம் வேண்டும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் கூட வேண்டும், சைக்கிள் அதற்குள் பாலத்தைத் தாண்டிவிடும். இதெல்லாம் தெரிந்தவள், அன்றைக்கும் அவர் கழற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். ஏன் என்றால் அவர் அழகாக இருந்தார். பஸ் ஸ்டாண்டில் நான் முதன்முதலில் பார்த்த ஆள் மாதிரி இருந்தார். தபால்காரர் ஓடிவந்து கேட்டைத் தட்டியபோது அந்தக் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிற விஷயம் இதுதான். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து சைக்கிள் ஓட்டலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார், பவர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இவர் இரண்டு இடத்திலும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அம்மா பொறுமைசாலி. ரொம்ப வளைந்த ஃபிரேமில் இவர் பவரைப் போட்டால் ஓரத்தில் தரை சாய்ந்து தெரியும், கொஞ்சம் தட்டையாக எடுங்கள் என்றார். குனிந்து ஓட்டும்போது கண்ணாடியின் மேல்பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்ப்பீர்கள், அதனால் மேல் விளிம்பு புருவம் வரை வர வேண்டும், வியர்வையில் வழுக்காத மூக்குப் பிடி வேண்டும், காதில் மாட்டும் கம்பி ஹெல்மெட் பட்டைக்கு அடியில் உறுத்தாமல் போக வேண்டும், கறுப்புக்குப் பதில் இளம் பழுப்பு நிறம் போட்டால் நிழலில் கிடக்கிற பள்ளமும் தெரியும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இவர் ஒன்றை மாட்டிக்கொண்டு முகம் பார்த்துவிட்டு, "வெல்டிங் பட்டறையிலேர்ந்து நேரா எழுந்து வந்த மாதிரி இருக்கு" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார், அதோடு போச்சு. "பையன் ஒண்ணு அனுப்புறான், அது வரட்டும்" என்று எழுந்துவிட்டார். ஆகவே நீ அனுப்பினால் அதைத்தான் போடுவார். பவர் இல்லாமல்தான் போடுவார். அதே பாலத்துக்கு அடியில்தான் போவார், அவருக்கு வேறு வழி பிடிக்காது. இந்தத் தடவை தோளோடு நிற்கும் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அழகு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கண் பாதுகாப்புக்கு என்று கண்ணாடி வாங்கினோம், தவளை மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் தொடவில்லை. பட்டையை மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக மாற்றினேன், பிறகு யாருக்கு எது என்று சண்டை. போடப் பிடிக்காத கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலமாரியில்தான் இருக்கும். அந்தக் கடையில் பவர் போடத் தோதான ஃபிரேம் நாலைந்து இருக்கிறது, அதில் ஒன்று அடர் நீலம், உன் ரசனைக்கு ஒத்துவரும். அவருக்கு எடுப்பாக இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் மாட்டிக்கொள்வார். நான் சொன்னால் டீச்சர் சொல்கிறாள் என்பார். உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நீயும் வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில்தான் சைக்கிளில் திரும்புகிறாய். மாலையில் கறுப்பைக் கழற்றிவிட்டு நிறமில்லாத லென்ஸை மாட்டு, தூசியும் பூச்சியும் கண்ணில் விழாது, பாதையும் தெரியும். அடுத்த முறை வாங்கும்போது கடைக்குள் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதே, போட்டுக்கொண்டு வெளியே வந்து சாலையில் நிழல் விழுகிற இடத்தைப் பார், அங்கே கிடக்கிற கல் தெரிந்தால் வாங்கு. மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது, அதற்கெல்லாம் நீ கவலைப்பட வேண்டாம்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமுமாக நீண்ட காலம் இருக்க வேண்டும். என் கோபம் உன்னைத் தொடாது, அது இந்தத் தாளோடு சரி. பார்சல் அனுப்பாதே, இதை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் செய், உங்கள் கண்ணாடி பவர் எவ்வளவு என்று அவரிடமே கேள். அம்மாதான் சொன்னாள் என்று சொல்லிக்கொள், திட்டு வாங்க நான் தயார். சிரித்து மழுப்புவார், பஸ் கதைக்குப் போய்விடுவார். கேட்டு முடி, பிறகு மறுபடியும் முதலிலிருந்து கேள்.

இப்படிக்கு,
எதன்மேலும் உட்காராத
உன் அம்மா