இரண்டாம் தெருவின் திரைகள்

மார்ச் 9, 2025

கடையில் லீக்ஸ் வாங்கினேன். தண்டு விரல் தடிப்புத்தான் வரும். இதையும் லீக்ஸ் என்று விற்கிறார்கள். இங்கிலாந்தில், எங்கள் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில், கிழவர்கள் போட்டிக்கு வளர்ப்பது கைமுட்டித் தடிப்பு இருக்கும். களவு போய்விடும் என்று இராக்காவல் வேறு. என் மனுசனும் அங்கே எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டே தோட்டத்துண்டு எடுத்து ஒருமுறை மூன்றாம் பரிசு வாங்கினார். அந்தக் கிண்ணம் இப்போது சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில், மகள் வீட்டு அலுமாரியில், அவருடைய அஸ்திக்குப் பக்கத்தில்.

மகள் சாருஜா திரும்பவும் கேட்டாள். "கோடையில ஆரே ஆத்தில கரைப்பமோ அம்மா?" நான் லீக்ஸை வெட்டத் தொடங்கினேன்.

மார்ச் 16

இங்கிலாந்திலிருந்து மோரீன் கோல் பண்ணினாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2

அந்தச் சுரங்க ஊர்க் கடலில் கரைக்கச் சொல்லித்தான் இவர் கேட்டிருந்தார். சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டிக் கறுத்த கரை. எவ்வளவு துப்புரவாக்கியும் ஈரமணலைக் கிண்டினால் கரி தெரியும். சுரங்கம் மூடி முப்பது வருசமாகியும் ஆட்களைக் கீழே இறக்கின அதன் பெரிய சில்லை ஊர் வாசலில் பாதி புதைத்து வைத்திருக்கிறார்கள். தெருக்களுக்கு வைக்கக்கூடப் பெயர் தேடவில்லை: முதலாம் தெரு, இரண்டாம் தெரு. வேலை போய்விட்டது, கதை மட்டும் குறையவில்லை. பால் வாங்க வந்தால் அரைமணித்தியாலம். ஒருவர் இரண்டு நாள் பேப்பர் எடுக்க வராவிட்டால் யாராவது போய்க் கதவு தட்டுவார்கள். நிலத்துக்குக் கீழே ஒருத்தனை ஒருத்தன் பார்த்துப் பழகிய சனம் என்பார் இவர். தவச்செல்வன் என்ற பெயரை அவர்கள் 'டேவ்' ஆக்கியதிலும் அவருக்குப் பெருமைதான்.

அந்தச் சனம்தான், இவருடைய சவப்பெட்டியை வீட்டிலிருந்து எடுத்த அன்று, தெரு முழுக்கத் திரையை இழுத்து மூடினது. ஒரு யன்னலில் உதைபந்துக் குழுவின் போர்வைகூடத் தொங்கினது. ஒரு முகம் வெளியில் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிரேதம் போனால் வாசல் படலைக்குப் படலை ஆட்கள் நிற்பார்கள். எரித்தது நியூகாசிலில், எங்கள் ஆட்களோடு மட்டும்.

எத்தினை வருசம் பாலும் பாணும் குடுத்த மனுசன். எப்பிடி மனம் வந்தது? அந்தக் கிழமையே மகளிட்ட வெளிக்கிட்டிட்டன். அங்க கொண்டுபோய்க் கரைக்கவோ? ஏலாது.

ஏப்ரல் 27

நான் குளித்து வருவதற்குள் சாருஜா என் போனை எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் மோரீன். பக்கத்து வீட்டுக்காரி, சுரங்கத்தில் வேலை செய்தவரின் மனைவி. வேறு வழியில்லாமல் கதைத்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன், ஏன் எல்லாரும் மூடினீர்கள் என்று.

மோரீன் சொன்னாள்: பிரேதம் போகும்போது தெருவே திரை மூடும், சுரங்கக்காரனுக்கு அதுதான் மரியாதை, இப்போது பெரிதாக யாரும் செய்வதில்லை. "டேவுக்காக நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னனான். புதுசா வந்த ஆக்களுக்கும். திரை இல்லாத பெடியன் போர்வையைத் தொங்கவிட்டவன்."

அந்தப் போர்வையைப் பார்த்துத்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

ஏப்ரல் 28

சவவண்டி போனால் இவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கி லைற்றை நிப்பாட்டுவார். யாழ்ப்பாணத்துப் பழக்கம் என்று நினைத்து, யாவாரம் கெடுகிறது என்று பேசுவேன். செத்தவீடுகளுக்கு அவர் போவார், நான் கல்லாவில் நிற்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

ஏப்ரல் 29

ஆரே வேண்டாம் என்று சாருஜாவிடம் சொன்னேன்.

ஜூலை 13

கரைத்தாயிற்று. எங்கள் இரண்டாம் தெருவில் பாதிப்பேர் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். பாதமெல்லாம் கரி. மோரீன் தன் வீட்டுக் குழாயடியில் என் செருப்பைக் கழுவித் தந்தாள். நிறைய அழுதேன். நன்றாக இருந்தது.

செப்டம்பர் 4

ஓஸ்டர்முண்டிகன். கீழ்வீட்டு வயதான சுவிஸ் அம்மா காலமாகிவிட்டார். உடுப்புத் தோய்க்கும் பொது அறைச் சாவி கைமாறும்போது சிரிப்பதைத் தவிர எங்களுக்குள் பழக்கமில்லை. மத்தியானம் கறுப்பு வண்டி வந்து நின்றது. நான் எழும்பி றோட்டுப் பக்கத் திரைகளை மூடினேன்.

சாருஜாவின் சிநேகிதி பவதாரணி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். "ஏன் அன்ரி பூட்டுறியள்? வெளியில போய் நிக்கிறதெல்லோ மரியாதை?"

"எங்கட ஊரில இப்பிடித்தான் பிள்ளை."

"எது, உங்கட சாவகச்சேரியிலயோ?"

சாருஜா எழும்பிப் போய்த் தன் அறைத் திரையையும் மூடிவிட்டு வந்தாள்.