தோளில் வைத்த ஒட்டு

சேசு மரி சூசை துணை

ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 மார்ச் 9

கண்டிச் சீமையில் கணக்கப்பிள்ளை வேலை பார்க்கும் மகன் ராயப்பனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தை நீ நான்கு வரியில் முடித்துவிட்டாய். அதிலும் மூன்று வரி மழையைப் பற்றி.

பார்சல் வந்து சேர்ந்தது. அளவுக்கென்று வைத்த பழைய டிரில் சட்டையையும் உன் குறிப்பையும் பார்த்தேன். மூன்று சட்டை கேட்டிருக்கிறாய். துணி மிஞ்சினால் உங்கள் பெரிய கங்காணியின் குழந்தைக்கு ஒரு சின்னச் சட்டையும் தைக்கச் சொல்லி, மார்பு இருபது அங்குலம் என்று எழுதியிருக்கிறாய். குழந்தை ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. பொத்தானை எந்தப் பக்கம் வைப்பது? இப்படி அரைகுறையாக அளவு அனுப்பினால் நான் தையல் படித்த மடத்தில் மதர்மார் ஊசியைத் தொடவே விடமாட்டார்கள்.

இங்கே தையல் குவிந்து கிடக்கிறது. ஜவுளிக்கடை சாகுல் ஹமீதின் மகளுக்குப் பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு கல்யாணம். அவர் மனைவி நூர்னிசா ஆறு ரவிக்கைக்குத் துணி கொடுத்திருக்கிறாள். கடைத் தையல்காரன் தைத்தால் கை அக்குளில் பிடிக்கிறதாம். கோயில் பீடத் துணிக்கு ஓரம் மடித்துத் தைக்கும் வேலை ஒவ்வொரு தபசு காலத்திலும் என் தலையில்தான். வெயில் ஏறிவிட்டதால் வடகம் பிழிந்து காயப்போட்டிருக்கிறேன். காக்கை விரட்ட ஒரு கண், காஜா எடுக்க ஒரு கண்.

உன் பழைய சட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் இடது தோளில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். எங்கும் முடிச்சு இல்லை. நூலின் நுனியைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டி மறைத்திருக்கிறது. மதர்மார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. கடைத்தெருவில் ஒருவனுக்கும் தெரியாது. ஒரே ஒரு குற்றம், முரட்டு டிரில் சட்டைக்கு மெல்லிய மல் துணியில் ஒட்டு வைத்திருப்பது. அது துணி அறியாதவர் வேலை. மற்றபடி கை சுத்தமான கை. உங்கள் தோட்டத்துத் தையல்காரன் யாரோ, நான் பாராட்டியதாகச் சொல்.

மிக்கேலம்மாள் இன்னும் இராஜபாளையத்தில் அவள் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். சம்பந்தியம்மாளுக்குக் கால் எலும்பு இன்னும் கூடவில்லை. உன் மனைவியைத் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் அவள் தையல் உனக்குத் தெரியும். ஒவ்வொரு நூலுக்கும் மிளகளவு முடிச்சு. அதனால் அந்தச் சட்டையைச் சிவனாண்டி வண்டியில் அவளுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு சீட்டு வைத்தேன். தோளில் இருக்கும் ஒட்டைப் பார், தையல் என்றால் இப்படி இருக்க வேண்டும், இதைப் பார்த்துப் பழகு, பிறகு தையலைப் பிரித்து அளவு எடுத்து வை, நான் வந்து வெட்டுகிறேன் என்று எழுதினேன்.

கூரை ஒழுகுகிறது, அவளை இப்போது அனுப்ப வேண்டாம் என்கிறாய். பாஸ்கு கழிந்ததும் அனுப்புவதாகக் கிறிஸ்மஸிலேயே பேசி முடித்தாயிற்று. அவள் அண்ணன் சவரிமுத்து தூத்துக்குடி வரை கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிடுவான். நான்கு வருஷமாக ஒரு பெண் புருஷனைப் பார்க்காமல் இருக்கிறாள். கூரை ஒழுகினால் சட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உனக்குத் தேவமாதா துணை.
அம்மா சந்தியாகம்மாள்

*

சேசு மரி சூசை துணை

இராஜபாளையம்
1903 மார்ச் 23

மகன் ராயப்பனுக்கு,

உன் பதில் வருமுன்பே மறுபடியும் எழுதுகிறேன். அது என் வழக்கமில்லை. சம்பந்தியம்மாள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பாய் நிறையப் புளி காய்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் புளியைப் பற்றி எழுதுகிறேன்.

பதினைந்து நாளில் இது மூன்றாவது பயணம். ரவிக்கைகளை முடித்தால் பீடத் துணி, அதைத் தொட்டால் சம்பந்தியம்மாளைப் பார்த்து வர வேண்டும் என்று நாள் போகிறது. சிவனாண்டி மாட்டைத் தட்டிக்கொண்டே, "ஆச்சி, நீங்க போறதையும் வாறதையும் பாத்தா ராசபாளையந்தான் உங்களுக்குப் புகுந்த வீடு போலிருக்கு" என்று கேலி பண்ணினான். வாயை மூடிக்கொண்டு சாலையைப் பார் என்றேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முந்தின இரண்டு தடவையும் சட்டையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன், நேற்று வந்ததும் அளவு எடுத்தாயா என்று மிக்கேலம்மாளைக் கேட்டேன். சட்டை பிரிக்கப்படாமல் மடித்தபடியே இருந்தது. இத்தனை நாள் என்ன செய்தாய் என்று சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. "பிரிக்க மனசு வரல அத்தை" என்றாள். பிறகு சட்டையை என் மடியில் விரித்துவிட்டு, "இத தையக்காரன் தைச்சதுன்னு எப்படி நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

கைச் சுத்தத்தை வைத்து நினைத்தேன் என்றேன்.

"கை சுத்தம் இருக்கட்டும். முரட்டுச் சட்டையில போயி மல்லு வச்சிருக்கே, ஏன்னு பாத்தீங்களா? தையக்காரன்னா டிரில்லத்தான் வைப்பான். இது பிள்ளையத் தோள்ல போட்டா அதுங் கன்னம் உரசக் கூடாதுன்னு வச்சது. அவியளுக்கு இடது தோள்ல பிள்ள தூங்குது அத்தை" என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். பைத்தியக்காரத்தனமாகப் பேசாதே என்றேன். கணக்குப் புத்தகங்களைத் தோளில் தூக்குவான், மழைச் சீமை, குடைக் காம்பு உரசியிருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் எழுந்து புளியைக் கிளறப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராஜு அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "மருமக எப்பம் கப்பல் ஏறுதா?" என்று கேட்டாள். பாஸ்கு கழித்து என்று நான் பதில் சொன்னேன். மிக்கேலம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

ராயப்பா, நீ பிறந்த வருஷம் உன் அப்பாவின் சட்டைகளிலும் இடது தோள்தான் முதலில் நைந்தது. நான்தான் ஒட்டுப் போட்டேன். சட்டைத் துணியிலேயே, நிறம் பார்த்து, ஒட்டு இருப்பதே தெரியாமல் போட்டேன். அதைப் பார்த்து எல்லாரும் மெச்சினார்கள். மல் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த எண்ணம் வந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. உன் முதல் சட்டைக்கு வெட்டிய இரண்டு கையும் இடது கையாக வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் நான் செய்யாத பிழை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு நேரம் உன்மேல் கோபம் வருகிறது. அடுத்த நேரம், மகனைச் சந்தேகிக்க ஒரு துண்டு மல் போதுமா உனக்கு என்று என்மேலேயே வருகிறது. யார் அந்தப் பெண் என்று கேட்டுக்கொள்கிறேன். உடனே, எந்த மடத்தில் படித்தாளோ என்றும் மனம் போகிறது. அது போகக்கூடாத இடம். நான் மெச்சிய கை அது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று உன் மனைவிக்கு என் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சீட்டை அவள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது ஒரே வரி. மிக்கேலம்மாள் சொல்வது உண்மையா இல்லையா? மழை, கூரை, கொழுந்து விலை எதுவும் வேண்டாம்.

அம்மா

*

சேசு மரி சூசை துணை

ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 ஏப்ரல் 14

ராயப்பனுக்கு,

உன் பதில் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் வந்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கூரைக்குத் தகரம் வருகிறது, துரைக்குக் காய்ச்சல், இந்தப் பருவத்தில் கப்பல் ஆடும் என்று எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட வரி மட்டும் இல்லை. கடைசியில் வேறு மையில், குழந்தையின் மார்பு அளவை இருபதரை என்று திருத்திக்கொள்ளவும், பெண் குழந்தை, என்று எழுதியிருக்கிறாய்.

கங்காணி வீட்டுக் குழந்தை எத்தனை வளர்ந்தது என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் மாதாமாதம் நூல் பிடித்துப் பார்ப்பதில்லை. அந்த அரை அங்குலத்தில் எனக்குப் பதில் வந்துவிட்டது.

பெரிய வாரம் முழுவதும் நான் நானாக இல்லை. இங்கே தெருவெல்லாம் பங்குனி உத்திரக் கூட்டம், மேளம். அதற்கு நடுவில் நாங்கள் பெரிய வெள்ளிக்கிழமை உபவாசம். நூர்னிசா வீட்டுக் கல்யாணப் பெண் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். நானும் சிரித்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றவள், இது யாருடைய பாவம், இதில் நான் எதைச் சொல்வது என்று தெரியாமல், அயல்வீட்டுக்காரியைக் கடிந்து பேசியதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உன்னைச் சபித்து ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு, போனது போகட்டும் என்று இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். இரண்டும் என் கையெழுத்துதான், இரண்டும் பொய்யாக இருந்தன.

பாஸ்கு ஞாயிறு பூசைக்கு மிக்கேலம்மாள் இராஜபாளையத்திலிருந்து வந்தாள். உன் கடிதத்தை மறைக்கத்தான் நினைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள், கொடுத்துவிட்டேன். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டி, "அம்புட்டுதானா? அந்தப் பிள்ள பேரக்கூட எழுதலியே" என்றாள்.

உன் மூன்று சட்டையும் முடிந்தன. சின்னச் சட்டையை அவள் தைத்தாள். நான் தொடவில்லை, தொடு என்று அவள் சொல்லவுமில்லை. உள்ளே துணியை நன்றாக விட்டு மடித்திருக்கிறாள். இவ்வளவு எதற்கு என்று கேட்டதற்கு, "வளருத பிள்ளைதான அத்தை, பிரிச்சு விட்டுக்கிடட்டும்" என்றாள். அதன் பிறகு கதவை ஒட்டி உட்கார்ந்து அழுதாள். ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குத் தேற்றத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போக வேண்டாம், என்னோடு இங்கேயே இரு என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். சவரிமுத்துவும் அதைத்தான் சொல்கிறான், அவன் கோபத்தை நான் இங்கே எழுத முடியாது. அவள் கேட்கவில்லை. "எம் புருஷன் வீடு எப்படியிருக்குன்னு ஊராரு சொல்லி நான் கேக்க மாட்டேன். நானே போயிப் பாத்துக்கிடுதேன். இருக்கணுமா திரும்பணுமான்னு அங்க வச்சு நான் சொல்லுதேன், அவிய சொல்ல வேண்டாம்" என்றாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைத் தடுக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்றும் தெரியவில்லை.

ஆனால் அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன். அறுபத்தொரு வயதில் நானும் கூட வருகிறேன். வருகிற திங்கட்கிழமை சாத்தூரில் ரயில் ஏறி, செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறோம். கொழும்புக்கு நீ வர வேண்டாம், அட்டன் ஸ்டேஷனில் நின்றால் போதும். ஒன்றை இப்போதே தெரிந்துகொள். இந்தத் தடவை உன் அம்மாவாக நான் வரவில்லை. பெண் வீட்டாராக வருகிறேன். அவர்களுக்கு இருக்கிற கேள்விகள் எனக்கும் இருக்கும்.

ராயப்பா, நாங்கள் வருகிறோம் என்று பயந்து யாரையும் எங்கும் அனுப்பிவிடாதே. நாங்கள் வரும்போது அந்த வீடு இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும். பெருக்கித் துடைத்த வெறும் வீட்டைக் காட்டினால் அதை மட்டும் நான் பொறுக்க மாட்டேன். அந்தப் பெண்ணை நேரில் கண்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கடுமையாகப் பேசினாலும் பேசுவேன். அதற்காக அவள் ஓட வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா? கொடுக்கவில்லையென்றால் எங்களுக்காகக் காத்திராதே, உடனே சாமியாரிடம் கொண்டு போ. கொடுத்திருந்தால் என்ன பெயர் வைத்தீர்கள்?

மிக்கேலம்மாளுக்கும், உனக்கும், பெயர் தெரியாததால் நான் இங்கே எழுத முடியாத இருவருக்கும் ஆண்டவர் இரங்குவாராக.

சந்தியாகம்மாள்