ஏறுவதற்கு ஒரு படி

அன்புள்ள அத்தைக்கு,

இன்று விடிந்ததும் கம்பெனி கொண்டுவரப் போகும் புது ஜீப்பின் படம் வந்தது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பழைய வண்டியின் அதே வட்ட விளக்குகள், அதே தட்டையான மட்கார்டு. மழை விட்ட பிறகு மருதமலைப் பக்கம் தெரியுமே, அந்தப் பச்சை. ஒரு நிமிடம் அதை நீங்களே ஓட்டிக்கொண்டு திரையிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள் போலிருந்தது. பிறகு கதவுக்குக் கீழே பெரிதாக்கிப் பார்த்தேன். படி இல்லை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை.

அதனால்தான் இந்த மடல்.

சிங்காநல்லூரில் பஷீர் பாயின் பட்டறை வாசலில் ஐந்தாறு பழைய ஜீப்புகள் வரிசையாக நிற்கும் காலை நேரங்கள் எனக்கு அடிக்கடி கனவில் வருகின்றன. நம் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதவைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் காலை வீசி, ஒரே தாவலில் ஏற வேண்டும். யார் முதலில் ஏறி உட்காருகிறாரோ அவர் வண்டிதான் அன்றைக்கு முன்னால் போகும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு நீங்கள் தாவுவது, தண்ணீரிலிருந்து மீன் துள்ளுவது போல இருக்கும். அநேகமாக நம் வண்டிதான் முன்னால் போகும்.

மேட்டுப்பாளையம் தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது முன் கண்ணாடியைப் பானட் மேல் மடக்கிப் போட்டுவிடுவீர்கள். பனி நேராக முகத்தில் வந்து மோதும். மரங்கள் நகர்கின்றனவா நாம் நகர்கிறோமா என்று எனக்குத் தெரியாது. மடியில் புத்தகம் படபடக்கும்.

“மூடி வெய் கண்ணு. பறந்துபோச்சுன்னா நான் வண்டிய நிறுத்த மாட்டேன்.”

ஆனால் ஒரு முறை பறந்தபோது நிறுத்தினீர்கள். நீங்களே இறங்கி, ஈர மண்ணைத் தட்டி எடுத்து வந்தீர்கள்.

பிறகு அந்தக் கடிதம். பழைய ஜீப்பைப் புதிதாக வடிவமைக்கப் போகிறோம், எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம் என்று எழுதுங்கள் என்று கம்பெனி கேட்டிருந்தது. நம் கூட்டத்துக்கே காய்ச்சல் வந்தது போலாகிவிட்டது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னை எழுத உட்கார வைத்தார்கள்.

“ஏனுங்க, ஏசி போட்டு, சீட்டுக்கு மெத்தை வெச்சா அது ஜீப்புங்களா? அது கல்யாண மண்டபமுங்க!” என்றார் தாராபுரத்திலிருந்து வரும் மணியண்ணன். அவருக்கு ஒரு திருகாணிகூட மாறக் கூடாது.

“மழைக்கு ஒழுகுதுன்னு சொல்றாங்க. ஒழுகட்டுமுங்க. ஆத்துக்குள்ள எறங்கற வண்டி நனைய வேண்டாமா?” என்றார் பஷீர் பாய்.

நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னீர்கள்: “ஏறதுக்கு ஒரு படி வேணும். புடிச்சுக்க ஒரு கைப்புடி. எழுதிக்க கண்ணு.”

“படி வெச்சுபோட்டா அப்புறம் அது மினி பஸ்ஸுங்க அக்கா! ஒரு கண்டக்டரையும் கேட்டுருலாமுங்க!” மணியண்ணன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். அத்தை, நானும் சிரித்தேன்.

அந்த வரியை எழுதத்தான் செய்தேன். வீட்டில் நல்ல தாளில் திருப்பி எழுதும்போது விட்டுவிட்டேன். ஒரு நொடியில் தாவி ஏறும் நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. என் கண்ணில் அந்த வண்டி ஒரு குதிரை. குதிரைக்கு யாராவது படி வைப்பார்களா?

அடுத்த வாரம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் வரி வர வேண்டிய இடத்தில் நீங்கள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர்கள். பிறகு, “நல்லா எழுதியிருக்கற அம்மணி,” என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டீர்கள். “அடுத்த வாரம் வாரேன் கண்ணு, நீ போய்ட்டு வா,” என்பீர்கள். நான் மணியண்ணன் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விடுவேன். மார்கழியில் ஒரு நாள் விடிகாலையில், தூக்கத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னார்: “உங்கத்தைக்கு மொழங்காலு தேஞ்சுபோச்சு. ஜீப்புல ஏற முடியல, அதுதான் வரல. உன்ரகிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க.”

இதைக் கேட்ட நாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று பட்டறையில் சொன்னேன். எல்லோரும் படத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மட்கார்டு தப்பித்தது என்று ஒருவருக்கு மகிழ்ச்சி, கண்ணாடி மடங்காது போலிருக்கிறது என்று இன்னொருவருக்குக் கவலை. இது கடைசி வடிவம் இல்லை, கருத்துகளை இன்னும் அனுப்பலாம் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. நான் எழுந்து, “போன கடுதாசியில அத்தை சொன்ன ஒண்ண நான் எழுதாம விட்டுட்டனுங்க,” என்றேன். எது என்றும் சொன்னேன். நீங்கள் ஏன் வராமல் இருந்தீர்கள் என்றும் சொன்னேன்.

லேத் மிஷினை யாரோ நிறுத்தினார்கள்.

மணியண்ணன் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பானட் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “எனக்கும் ரெண்டு வருசமா எடது காலு தூக்க வரலீங்க அம்மணி,” என்றார். “யாராச்சும் மொதல்ல சொல்லட்டும்னு பாத்துட்டிருந்தேன். அக்கா சொன்னாங்க. நான் மினி பஸ்ஸுன்னு சொல்லிப்போட்டேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எழுதும்மா,” என்றார் பஷீர் பாய். “மொத வரியா அதையே எழுது. ஆனா சும்மா படின்னு எழுதுனா கம்பெனிக்காரங்களுக்குப் புரியாது. தரையில இருந்து எவ்வளவு ஒசரம்னு போடோணும். உங்கத்தைக்கு எவ்வளவு ஒசரம் காலு வரும்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் பனிதான் வந்தது, பிறகு பாக்குத் தோப்பு, காற்று. அதெல்லாம் மெல்ல விலகிப் போக, உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் தெரிந்தது. குழாயடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடை. கால் கழுவும்போது வலது காலை அதன் மேல் வைப்பீர்கள், சிரமமே இல்லாமல். அதைவிட உயரமான துவைக்கிற கல்மேல் ஒருநாள்கூட வைத்ததில்லை. எத்தனையோ மாலைகளில் வாசல்படியில் உட்கார்ந்து புத்தகத்துக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பார்க்கிறேன் என்பதே தெரியாமல்.

குனிந்து, தரைக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து நிறுத்தினேன். கொஞ்சம் இறக்கினேன். “இவ்வளவுதானுங்க,” என்றேன். பஷீர் பாய் டேப்பை இழுத்துத் தரையிலிருந்து என் கைவரை அளந்தார். மணியண்ணன் தாளில் குறித்துக்கொண்டார். கை அசையாமல் இருக்க வேண்டுமே என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பில்லை.

கம்பெனிக்காரர்கள் கேட்பார்களா என்று தெரியவில்லை, அத்தை. கடிதம் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸின் படி, பாங்க் வாசலின் படி, கோயில் படி எல்லாவற்றின் பக்கத்திலும் என் கை தானாக இறங்கிப் பார்த்தது. பல படிகள் உங்களுக்கு உயரம்.