கவாத்துக் கத்தியை அறுத்துவிட்டேன்

இன்றைக்கும் நான் வாய் நிறையக் கூப்பிட ஆசைப்படும் என் அப்பாவுக்கு,

ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்ப வருகிறேன். எனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது?

இப்போது சூரியநெல்லியில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் தச்சு வேலை. போனில் பார்த்துக் கற்றதுதான், சிரிக்காதீர்கள். அம்மாவுக்கு ஓர் அலமாரி செய்கிறேன். அதற்குப் பலகையின் ஓரத்துக்குச் சமமாகக் கோடு கீறும் கட்டை ஒன்று வேண்டியிருந்தது. நானே செய்தேன். உடைந்த குடையின் மரக்கம்பு அதற்குத் தண்டு. பழைய கேரம் போர்டின் சட்டம், தண்டில் நகரும் கட்டை. கீறும் முனைக்கு ஆணியை வைத்துப் பார்த்தேன். அது மரத்தைப் பிய்த்தது. நல்ல இரும்பு வேண்டும், கூர் நிற்க வேண்டும்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், துணியில் சுற்றி, நீங்கள் தேயிலைச் செடி கவாத்து வெட்டிய கத்தி இருந்தது. எடுத்தேன், கட்டிங் மெஷினில் நுனியை அறுத்தேன். அறுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. நான் மூன்றாவது படிக்கும்போது நீங்கள் இறந்துபோனீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா முதல் பொட்டு வைப்பது அந்தக் கத்திக்குத்தானே?

இன்று ஆயுத பூஜை. பொரிகடலையை எடுத்து வைத்துவிட்டு அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி செல்வி, அப்பா கத்திய எடுத்துட்டு வா."

மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. மொட்டைக் கத்தியையும் கட்டையையும் அவள் முன்னால் வைத்து அழுதேன். அவள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஒங்கப்பா கத்தியே இல்ல, தாயி. அது கம்பெனிக் கத்தில்லா? அவுக போன மறுவாரமே எஸ்டேட் கங்காணி வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நீ அப்பா கத்தி எங்க, அப்பா கத்தி எங்கன்னு சோறு திங்காம அழுத. சந்தையில பழசா ஒண்ணு வாங்கியாந்து வச்சேன்."

"அப்ப இத்தன வருசமா இதுக்கா பொட்டு வச்ச?"

"நீ பாத்துக்கிட்டுல்லா நின்ன."

அப்பா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நேற்றே இந்தத் தாளை எடுத்து வைத்தேன். இப்போது யாரிடம் கேட்பது? உங்கள் கை பட்ட கத்தி வீட்டில் இல்லை என்று தெரிந்தே அவள் அதன் முன்னால் கைகூப்பி நின்றிருக்கிறாள். நீங்கள் போனதற்கு அவள் என்றைக்கு அழுதாள்? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை.

சந்தனம் குழைத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "இனி எதுக்குட்டி பொட்டு வைக்க?" என்று கேட்டவள், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். நான் கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை முடித்ததும் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். இனி எனக்குத் தெரியாமல் அவளை அழவிடமாட்டேன் அப்பா.

உங்களுக்கும் அவளுக்கும் ஒரே மகள்,
செல்வி