குருநாதன் பாஸ்டர் வழுக்கி விழவில்லை

கோட்டையூர்,
14.10.2025

அன்புத் தம்பி காளிராஜுக்கு,

அக்கா ஈஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சானும் உயிரோடு இருக்கிறோம். அதற்கே கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போனில் உன்னிடம் பேச மனம் வரவில்லை. பெரியகருப்பன் அண்ணன் நாளை சிங்கப்பூர் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சானுக்குக் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இடது முழங்கை நொறுங்கிப் போனது. இருபத்தோரு வருடம் நம் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் பண்ணியவர், இப்போது கஞ்சித் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிறார்.

சபைக்கு ஐம்பது வருடம் ஆனதற்கு மலர் போட்டது உனக்குத் தெரியும். வரலாறு எழுதும் வேலை மச்சானுக்கு வந்தது. முதல் பாஸ்டர் குருநாதன் ஞானஸ்நானத் தொட்டியில் வழுக்கி விழுந்து இறந்தார் என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தோம். அடுத்து வந்த வீரபாண்டியன் பாஸ்டரும் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் அப்படியே வாசித்தார். மச்சான் மட்டும், டீக்கன் கருத்தையா அடித்ததில் குருநாதன் இறந்தார் என்று எழுதினார். நம் அப்பா பெயரை அப்படியே போட்டார்.

அதை அவரிடம் சொன்னது நான்தான் தம்பி. நீ அப்போது கைக்குழந்தை, எனக்குப் பதினொரு வயது. அன்றைக்கு ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். நம் சாதி ஆட்கள் முதலில் இறங்கட்டும், காலனியிலிருந்து வந்த ஆயி என்ற பெண் கடைசியில் இறங்கட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். பாஸ்டர் ஆயியைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் முழுகி எழுந்ததும், "இனி இந்தத் தண்ணிக்குள்ள எங்காளுக இறங்கணுமாக்கும்?" என்று கத்திக்கொண்டு, தொட்டியின் பலகையை நெம்ப வைத்திருந்த கடப்பாரையை அப்பா தூக்கினார். முதல் அடி பிடரியில் விழுந்தது. பாஸ்டர் தண்ணீரில் குப்புற விழுந்தார். அப்பாவும் இறங்கி அவர் முதுகை மிதித்துக்கொண்டு நின்றார். கையும் காலும் அடித்துக்கொண்டது கொஞ்ச நேரம்தான். யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா காலைக் கழுவினார். செம்பில் தண்ணீர் ஊற்றியது நான்.

போன ஞாயிறு ஆராதனையில் மச்சான் அந்தப் பக்கத்தை வாசித்தார். பெரியப்பா மகன் மருதுபாண்டி எழுந்து, "நிப்பாட்டுங்க மச்சான். செத்துப்போன எங்க சித்தப்பாவக் கொலகாரன்னு சொல்றீகளா?" என்றான். "இத்தன வருசம் சொல்லாம இருந்ததுதான் தப்பு மாப்ள" என்றார் மச்சான். சொல்லி முடிப்பதற்குள் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தான். பல் இரண்டு பைபிள் மேல் வந்து விழுந்தது. கை ஊன்றி எழப் பார்த்தவருக்கு முழங்கையில் இன்னொரு அடி. அதே ஆயி ஓடிப்போய் அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகிலும் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரும்பு நாற்காலியை மடக்கி மருதுபாண்டி மண்டையில் அடித்தேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. "போதும் தாயி, செத்துருவான்" என்று ஆயிதான் என் காலைக் கட்டிக்கொண்டாள். அப்பாவின் கை எனக்கும் இருக்கிறது.

கீழே கிடந்த அவன் போனை எடுத்தேன். வீடியோ காலில் நீ. இங்கே நடந்தது தெரியாமல், "விட்டுறாத மருது, இன்னொண்ணு போடுறா" என்று கத்திக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டாய்.

மருதுபாண்டி ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருக்கிறான். என் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார்கள், போடட்டும். உன் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று மச்சான் தாளில் எழுதிக் காட்டினார். நாற்பத்திரண்டு வருடம் ஒரு பெயரை மறைத்துவிட்டேன், இன்னொன்றை மறைக்கச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் பாதியில் விட்ட பக்கத்தை வருகிற ஞாயிறு நான் வாசிக்கிறேன். திங்கட்கிழமை ஸ்டேஷனில் வாக்குமூலம்.

அதற்கு முன்னால் வந்துவிடு தம்பி. உன் பெயரை நீயே சொல்லு, என் வாயால் சொல்ல வைக்காதே. கர்த்தர் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். திருச்சியில் இறங்கினால் நேரே வீட்டுக்கு வா, வேறு எங்கும் தங்காதே. உனக்கு ஒரு வாய் சோறு போடாமல் நான் ஸ்டேஷனுக்கு அனுப்ப மாட்டேன்.

உன் அக்கா,
ஈஸ்வரி