மூணாவது மவுஸ்

ஏங்க,

சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், பாப்பாவுக்குச் சூடு பண்ணிக் கொடுங்க.

சாயங்காலம் வேற மவுஸ் வாங்கப் போகாதீங்க. சின்னது, பெருசு, ஒயர் இல்லாததுன்னு மூணு மாத்தியாச்சு. எதுல வரைஞ்சாலும் கோடு நடுங்குதேன்னு, "ஒரு மவுஸ் பார்த்து வாங்கத் துப்பில்ல"ன்னு நேத்து உங்க மேல எரிஞ்சு விழுந்தேன்.

இன்னிக்குக் காலையில பென்சிலால ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். அதுவும் நடுங்குச்சு.

டாக்டரைப் பார்க்கப் போறேன். வெள்ளிக்கிழமை கார்ட்டூனைக் கொடுக்கணும். அதுல வர்ற குருவிக்கு இன்னும் இறக்கையே வரையல. இந்தக் கையை விட்டா எனக்கு வேற என்னங்க இருக்கு?

பாப்பாகிட்ட கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க.

பி.கு.: மூணாவது மவுஸைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க. கைக்கு அடக்கமா, நல்லாத்தான் இருக்கு.